பிள்ளைக்கு நோகாது

எனக்கு நல்ல கை என்று பேர் இருந்தது. தீவுப்பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதியாக வேலை பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிழை என்னுடையது, அதைக் கட்டடத்தின் தலையில் போட விருப்பமில்லை.

தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசிக்கு வருகிறவர்கள் வாசலிலேயே, "அந்த வேலணை மிஸ்ஸி நிக்கிறாவோ?" என்று என் ஊரைச் சொல்லி விசாரிப்பார்கள். நான் இல்லையென்றால் சிலர் அடுத்த நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிப் போய்விடுவார்கள். அதைக் கேட்க எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

ஒரு முறை பனையேறும் தொழிலாளி ஒருவர் காலில் வெட்டுக்காயத்தோடு வந்தார். காலையும் மாலையும் பனை உச்சியில் நிற்கிற மனிதர், ஊசியைக் கண்டதும் நெற்றியெல்லாம் வியர்த்துப் போனார். நான் அவரைக் கதிரையில் இருத்தி, கையைத் தளரவிடச் சொல்லி, அவருடைய மாடு கன்று போட்டதைப் பற்றிக் கேட்டேன். ஆணோ பெண்ணோ, நாம்பனோ நாகோ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாயிற்று. "முடிஞ்சுதோ மிஸ்ஸி?" என்று கேட்டுவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு, வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நோவை எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கைப்பக்குவம் எல்லாம் பெரியவர்களுக்குத்தான். பிறந்து சில நாளேயான குழந்தை வந்தால் நான் வேறொரு ஆளாகிவிடுவேன். குழந்தையைத் தாயின் கையிலிருந்து வாங்கி, மருந்து கட்டும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, மேசையில் கிடத்தி, ஒரு துணியால் கையை இறுகச் சுற்றி, காலைப் பிடித்துக்கொண்டு குத்துவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். எதற்குப் பேச வேண்டும்?

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். பச்சைக் குழந்தைக்கு நரம்புகள் இன்னும் முற்றவில்லை, அது அழுவது தும்முவதைப் போல ஒன்று, அதை நோவென்று எடுக்கக் கூடாது என்றார்கள். நான் அதை அழகான எழுத்தில் கொப்பியில் எழுதிவைத்தேன். அந்தக் காலத்தில் பெரிய தேசங்களிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் கனநாள் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்போது ஊசிகளை எறிவதில்லை. கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பாவிப்போம். முனை மழுங்கினால் ஒரு சின்னக் கல்லில் தீட்டுவோம். கூர் நன்றாக இருக்கிற ஊசிகளை நான் ஒரு பக்கமாக எடுத்துவைப்பேன். அவை பள்ளிக்கூட வாத்தியார்மாருக்கும், கந்தோரில் வேலை பார்ப்பவர்களுக்கும், நொந்தால் வாய் திறந்து முறைப்பாடு சொல்லக்கூடிய மற்றவர்களுக்கும். மிச்சம் யாருக்குப் போயிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதியில், சோளகக் காற்று வீசும் ஒரு காலத்தில், பாலமில்லாத ஒரு சின்னத் தீவிலிருந்து இளம் தாயொருத்தி குழந்தையோடு வந்தாள். எனக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது. அவளுக்கு இருபதுக்கு மேல் இராது. முதற்பிள்ளை. வீட்டிலேயே பிறந்து எட்டு நாள். தொப்புள் சிவந்து சீழ் பிடித்திருந்தது. உடம்பு அனலாகச் சுட்டது. புருஷன் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தபடியால், அவளுடைய அண்ணன்தான் வள்ளத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற டொக்டர் அன்று நின்றார். குழந்தையைப் பார்த்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் வாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஏழு நாளைக்குப் பெனிசிலின் எழுதினார். நாளுக்கு ஒரு ஊசி. அந்த மருந்து பால் போல வெள்ளையாக, தடிப்பாக இருக்கும். மெல்லிய ஊசிக்குள்ளால் இறங்காது, அடைத்துக்கொள்ளும். தடித்த ஊசிதான் வேண்டும். மருந்து உள்ளே போகும்போதும் சதையைப் பிளந்துகொண்டு போவது மாதிரி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் குழந்தையின் தொடை என் இரண்டு விரல் அகலம் இருந்தது.

முதல் நாள் நான் குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது அவள் தரவில்லை.

"மிஸ்ஸி, நான் மடியிலை வச்சிருக்கட்டே?"

"ஏலாது. நீர் வெளியாலை நில்லும்."

"பால் குடுத்துக்கொண்டு இருந்தா அவன் அழமாட்டான்."

"பால் குடிக்கேக்கை ஊசி போட்டால் புரைக்கேறிப் போகும். தாரும் பிள்ளையை."

தந்தாள். கதவைச் சாத்தப் போகும்போது கேட்டாள்: "நோகுமே மிஸ்ஸி?"

"பச்சைப் பிள்ளைக்கு நோகாது. ஊசி எண்டே அதுக்குத் தெரியாது."

இதை நான் எரிச்சலோடு சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, அவளை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளே குழந்தை குழறிய குழறலில் அந்தக் கதவு இருந்தும் இல்லாததுபோலத்தான். நான் வெளியே வந்தபோது அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சட்டையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது.

மூன்றாம் நாளில் ஒன்றைக் கவனித்தேன். ஊசி போடும் முன்பு தொடையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைப்போம். அன்று பஞ்சு பட்டதுமே குழந்தை காலை இழுத்துக்கொண்டு அழத் தொடங்கியது. ஊசி இன்னும் தட்டில்தான் கிடந்தது. குளிருக்கு அழுகிறது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அதைச் சோதித்துப் பார்த்தேன். முதலில் பச்சைத் தண்ணீரில் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். குழந்தை கண்ணை மூடி, வாயைச் சப்பிக்கொண்டு கிடந்தது. பிறகு ஸ்பிரிட் பஞ்சை எடுத்தேன். தோலில் படவேயில்லை, மணம்தான் எட்டியிருக்க வேண்டும். முகம் சுருங்கியது. கீழுதடு நடுங்கியது. சுற்றியிருந்த துணிக்குள் உடம்பு முழுவதும் விறைத்துக்கொண்டது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

பதினொரு நாள் வயதுள்ள பிள்ளை. என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. நொந்ததை நினைவில் வைத்திருந்தபடியால்தான் தெரிந்திருந்தது. கொப்பியில் நான் அழகாக எழுதிவைத்த வாக்கியம் பொய் என்று அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு என்ன செய்தேன்? ஊசியை எடுத்து, வழக்கம்போலக் குத்தினேன். குழந்தையைக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அடுத்த நாள் டொக்டர் வந்தார். எங்களுக்கு மேலே இருந்த மூத்த தாதி, பெரிய மிஸ்ஸி என்போம், அவர் கூடவே நடந்தார். நான் ஒரு அடி பின்னால். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்து அவளுடைய கட்டிலடியில் நின்றார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, தொப்புளும் காய்கிறது என்று பெரிய மிஸ்ஸி சொன்னார். டொக்டர் நகரப் போனபோது அவள் எழுந்து நின்றாள். வாட்டில் படுத்திருந்த பெண்கள் டொக்டரோடு தாமாகக் கதைப்பது அரிது.

"ஐயா, பிள்ளைக்கு ஊசி நோகுது. கதவிடுக்காலை பாத்தனான், மருந்துப் பஞ்சு பட்டவுடனேயே குழறுறான். அவனுக்குத் தெரியுது ஐயா. என்ரை மடியிலை வச்சுப் போடச் சொல்லுங்கோ."

பெரிய மிஸ்ஸியின் முகம் இறுகியது. ஆனால் டொக்டர் கோபிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், கொஞ்சம் யோசிக்கிறவர். "அப்பிடியோ?" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊசி போடுறது நீர்தானே? ஊசிக்கு முதலே அழுகுதோ?"

நான் முந்தின நாள் செய்து பார்த்த சோதனையை அவர் நேரிலே கண்டவர்போலக் கேட்டார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். "சரி, தாய் வச்சிருக்கட்டும்" என்றும் சொல்லியிருக்கலாம்.

பெரிய மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தாய்மார் உள்ளே வரக் கூடாது என்பது அவர் போட்ட ஒழுங்கு. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றம் கேட்டு நான் எழுதிய கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது.

"இல்லை சேர்," என்றேன். "அப்பிடி ஒண்டும் நான் காணேல்லை."

டொக்டர் அவளைப் பார்த்து அன்பாகச் சொன்னார்: "முதற்பிள்ளையெல்லே. நோவு பிள்ளைக்கில்லை, உமக்குத்தான்." பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வயதான பெண், "எங்களுக்கும் பிள்ளையள் பிறந்ததுதானே" என்றாள். குழந்தையின் தாய் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமென்று சொல்ல முடியாது. தான் கண்ணால் கண்டதை இன்னொருத்தியும் கண்டிருக்கிறாள் என்று நம்பியிருந்து, அந்த நம்பிக்கை கைவிட்டுப் போனதைப் பார்க்கிற பார்வை. நான் குனிந்து கட்டில் விரிப்பைச் சரிசெய்தேன். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

அன்றைய ஊசியையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டேன்.

ஆறாம் நாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. விடியவே அண்ணன் வந்தாராம். துறையில் வள்ளம் நின்றதாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். இன்னும் இரண்டு ஊசி இருந்தது.

"போனவை போகட்டும்," என்றார் பெரிய மிஸ்ஸி. "சொல்லாமல் போட்டினம் எண்டு எழுதிவையும்."

எழுதினேன். பேனையை வைத்ததும்தான் யோசனை வந்தது. பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பலாம். திரும்பினால் அந்த வயதில் ஒரு நாள் தாங்காது. குழந்தைக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பாதி உண்மை. மற்றப் பாதி: ஏதாவது நடந்தால் அவள் ஏன் போனாள் என்று கேட்பார்கள். அப்போது நான் சொன்ன பொய் வெளியே வரும்.

பெரிய மிஸ்ஸியிடம் போய் இரண்டு நாள் லீவு கேட்டேன். மருந்தையும் கேட்டேன்.

"உமக்கென்ன விசரே? ஊசிக்காகக் கடல் கடந்து போறதோ?"

"எனக்கு மனம் கேக்குதில்லை மிஸ்ஸி."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். பிறகு அலுமாரியைத் திறந்து மருந்துக் குப்பிகளை எடுத்துத் தந்தார். அவரும் கல்லல்ல. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, ஒரு தகரப் பேணியில் போட்டு மூடி, மத்தியானம் போன வள்ளத்தில் ஏறினேன். நல்ல காற்று. நனைந்து, சத்தியெடுத்து, ஒரு மாதிரியாகப் போய்ச் சேர்ந்தேன். கரையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அவளுடைய அண்ணன் வேலியடியில் என்னைக் கண்டு திகைத்துப்போனார்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை. இன்னும் ரெண்டு ஊசி இருக்குது. விடக் கூடாது."

"நீங்கள் வந்தது பெரிய காரியம், மிஸ்ஸி. ஆனா அவள் பிள்ளையைத் தரமாட்டாள். நான் சொல்லிப் போட்டன், பேந்து என்னோடை கோவிக்காதேங்கோ."

அவள் உள்ளே பாயில் இருந்தாள். குழந்தை மடியில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. தொப்புள் காய்ந்து வந்தது. அவள் என்னை வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நான் பேணியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ரை மடியிலை எண்டாப் போடுங்கோ," என்றாள்.

"சரி," என்றேன்.

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அது நன்றாகப் பால் இழுக்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்தேன். மணம் பட்டதும் குழந்தை இழுப்பதை நிறுத்தியது. கால் விறைத்தது. அவள் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, தலையைக் குனிந்து, காதோடு ஏதோ மெல்லச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கால் தளர்ந்தது. மறுபடியும் பால் இழுத்தது. நான் ஊசியைப் போட்டேன். ஒரு முறை துள்ளியது. வாயை விட்டு "ங்கா" என்று ஒரு சத்தம். பால் கடைவாயில் வழிந்தது. மருந்து இறங்கி முடிவதற்குள் மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. புரைக்கேறவில்லை. குழறவில்லை. அவ்வளவுதான்.

ஊசி குத்திய இடத்தில் வந்த ஒரு பொட்டு இரத்தத்தை அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"பாத்தனீங்களே?" என்று கேட்டாள்.

"ஓம்."

அதற்கு மேல் என் வாயில் ஒன்றும் வரவில்லை. வந்திருக்க வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு டொக்டரிடம் பொய் சொன்னேன், நீர் சொன்னதுதான் சரி. சொல்ல ஐந்து விநாடி போதும். நான் சிரிஞ்சைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் இரண்டாவது ஊசியையும் அதே மாதிரிப் போட்டேன். அவர்கள் எனக்கு ஒடியற்பிட்டும் மீன்குழம்பும் தந்தார்கள். அண்ணன் தன் வள்ளத்திலேயே கொண்டுவந்து விட்டார். துறையில் இறங்கியபோது, "நீங்கள் செய்ததை மறக்கமாட்டம்" என்று கும்பிட்டார். நான் கும்பிட்டுவிட்டு வேகமாக நடந்தேன்.

இதோடு நான் திருந்தியிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திராது.

"போட்டனீரோ?" என்று பெரிய மிஸ்ஸி கேட்டார். "போட்டாச்சு" என்றேன். எப்படிப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் இன்னொரு குழந்தை வந்தது. தாய் வாசலில் நின்று நோகுமோ என்று கேட்டாள். நோகாது என்றேன். கதவைச் சாத்தினேன்.

ஏன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒழுங்கை மீறினால் மாற்றம் கிடைக்காது என்ற பயம் ஒன்று. ஆனால் அந்த மாற்றம் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் நான் மாறவில்லை. ஒரு குழந்தைக்குத் தாயின் மடியைக் கொடுத்தால், அதற்கு முதல் வந்த அத்தனை குழந்தைகளுக்கும் நான் செய்தது என்னவென்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பயந்தேன் என்று நினைக்கிறேன். நோகும் என்று தெரிந்துகொண்டே நோகாது என்று சொல்வது முதலில் தொண்டையில் சிக்கியது. பிறகு சிக்கவில்லை. அத்தனை வருஷமும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்க முயன்றிருக்கிறேன். எண்ண முடியவில்லை. முகங்களும் நினைவில்லை. நான் அவர்களின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தேன்.

பெரிய மிஸ்ஸி ஓய்வுபெற்றுப் போன பிறகு அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது. எழுபதுகள் தொடங்கிவிட்டன. பொறுப்பேற்ற இரண்டாம் வாரத்தில், ஒரு காலைப்பொழுதில், மருந்து கட்டும் அறைக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். வெளியே நின்ற தாயைக் கூப்பிட்டு, இருந்து பால் கொடுக்கச் சொன்னேன். ஊசியைப் போட்டேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அந்த அறையைப் பல வருஷமாகக் கூட்டித் துடைத்துவந்த அற்றண்டன் அக்கா மட்டும் விளக்குமாற்றோடு வாசலில் நின்று பார்த்தார்.

"இதை முந்தியே செய்திருக்கலாமே மிஸ்ஸி," என்றார்.

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கதிரையை இந்தப் பக்கம் போட்டால் வெளிச்சம் நல்லது என்று சொல்வது போலச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வேலணையில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இருந்த ஒரே இடம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். இருந்து கொஞ்ச நேரத்தில் அவள் என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸிதானே?" என்றாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஆனால் அந்தப் பார்வையை நான் மறந்திருக்கவில்லை.

பிள்ளை எப்படி என்று கேட்டேன். தகப்பனோடு கடையில் நிற்கிறான், பதினாறு நடக்கிறது, தகப்பனைவிட உயரம் என்றாள். அவனுக்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளாம்.

"அவையை நான் காணேல்லையே," என்றேன். "எங்கை பிறந்தவை?"

"டவுனிலை. ரெண்டும் டவுனிலைதான்."

அவளுடைய தீவிலிருந்து பட்டினம் என்றால் முதலில் வள்ளம், பிறகு பஸ், வழியில் எங்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போக வேண்டும். நிறைமாத வயிற்றோடு இரண்டு முறை எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"நான் சொன்னதைப் பொய்யாக்கின இடத்துக்கு ஏன் வரவேணும்?"

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் கடல். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்குமோ என்ற யோசனை அப்போதும் வந்தது. ஆனால் சொன்னேன்.

"ஊசிக்கு முதலே பிள்ளை அழுததை நான் கண்டனான். டொக்டரிட்டை இல்லை எண்டு சொன்னது பொய்."

"எனக்குத் தெரியும்," என்றாள். "அண்டைக்கே தெரியும். பேந்து வீடு தேடி வந்தனீங்கள். அதையும் நான் மறக்கேல்லை. ரெண்டும் நீங்கள்தான்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "இப்ப எப்பிடி? தாய்மாரை உள்ளை விடுறீங்களே?"

"ஓம். இப்ப எல்லாரையும் விடுறனாங்கள். மடியிலை வச்சுத்தான் போடுறது."

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "நாங்கள் வந்ததுக்குப் பிறகு மாத்தினதோ? எப்ப தொடக்கம்?"

பொய் சொல்ல அந்த ஒரு கணத்தில் மனம் உன்னியது. பிறகு வருஷத்தைச் சொன்னேன்.

அவள் உதடு அசையாமல் கணக்குப் பார்த்தாள். "அப்ப அவன் ரெண்டாம் வகுப்புப் படிச்சவன்," என்றாள். அதற்குப் பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டினத்தில் இறங்கும்போது, "வாறன் மிஸ்ஸி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் இறங்க மறந்து, கொண்டக்டர் வந்து சொல்லும்வரை அந்த இடத்திலேயே இருந்தேன்.